கக்கத்தில் கொண்டுபோகும் தூண்

இந்த நாட்டில் ஒரு வீட்டுத் தூணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நடப்பேன். மற்றக் கையில் கோப்பி இருக்கும். வேலைக்குப் போன முதல் நாள், தூண்கள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியபோது, யாரோ விளையாட்டுச் சாமான் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கூரையைத் தாங்குவது உள்ளே நிற்கும் ஒரு மெல்லிய மரக்கால். என் வேலை அதற்குச் சட்டை போடுவது. மூன்று பலகைகளைச் சுற்றி நிறுத்தி, நாலாவதைப் பசை வைத்து ஒட்டி, அடியில் பிஸ்கட் தடிப்பில் கல் பதித்தால் தூண் தயார். பதினாறு வருடமாக மொன்றியலின் மேற்குப் புறநகர்களில் எதையும் தாங்காத தூண்களை நட்டுக்கொண்டு வருகிறேன்.

இவற்றுக்குக் கிராஃப்ட்ஸ்மன் பாணி வீடுகள் என்று பெயர். அதாவது, கைவினைஞன் வீடு. இதன் கதையை அறிந்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். நூறு வருடத்துக்கும் முன்னர், எந்திரங்கள் செய்து தள்ளும் பொருட்களைக் கண்டு இங்கிலாந்தில் சிலருக்கு வெறுத்துப்போனது. கையால் செய், செய்ததை மறைக்காதே என்றார்கள். அந்த எண்ணம் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்து வீடானது. தாழப் பதிந்த கூரை, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கூரை மரங்கள், அடியில் அகன்று மேலே ஒடுங்கும் தூண்கள், சுவரோடு சேர்த்துச் செய்த அலுமாரி. நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும், அழகான வீடு. எது எதைத் தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு நடந்ததுதான் கூத்து. எந்திரத்தை வெறுத்தவர்களின் வீட்டை எந்திரத்தில் அறுத்து, மரங்களுக்கு இலக்கம் போட்டு, படப்புத்தகத்தைப் பார்த்து ஓடர் பண்ணியவர்களுக்கு ரயிலில் அனுப்பினார்கள். பங்களா என்ற பெயரையும் வங்காளத்திலிருந்து தூக்கிவந்து அதற்குச் சூட்டினார்கள். எங்கள் நாட்டில் பங்களா என்றால் துரை இருக்கும் இடம். இங்கே அது, கலிபோர்னியா வெயிலுக்காகப் பதித்த கூரையில் ஐந்து மாதம் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும் வீடு.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி என் மனைவி றெஜினாவின் காது புளித்துப்போயிருந்தது. ஆனாலும் மேற்குப் புறநகரான கர்க்லாண்டில் அவள் தேடிப் பிடித்தது அப்படியொரு வீட்டைத்தான்.

"தூணைத் தட்டிப் பாரும், டொம்மெண்டு கேக்கும். உள்ளுக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

"தூணுக்குள்ள என்ன இருந்தா எனக்கென்ன? வாசலில மூண்டு படிதான் இருக்கு. எனக்கு அது காணும்."

 நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. வெளிச்சுவரோடு வளைந்து ஏறும் இரும்புப் படி. சுற்றுலா வருபவர்கள் ஆசை ஆசையாகப் படம் எடுக்கும் படி. போன வருடப் பனிமாரியில், கோயில் பூசைக்குப் போக இறங்கியவள் பனிக்கட்டியில் வழுக்கி அடிவரைக்கும் உருண்டு போனாள். முழங்காலைக் கீறித் தைத்தார்கள். அந்தப் படிக்கு உப்புப் போடுவது என் பொறுப்பு. அன்றைக்கு நான் நித்திரை. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

வீடு பார்க்கப் போனோம். வீட்டை விற்றுக்கொடுக்க வந்த தரகுப் பெண்மணி தூணைத் தடவித் தடவிக் கைவேலைப்பாட்டின் பெருமையைப் பேசினார். பனியில் பசை விட்டு, தூணின் அடிப்பலகை ஒரு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. அவர் வெட்கப்பட்டுக் குனிந்து பார்த்தார். உள்ளே பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

நானும் குனிந்தேன். ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'கீழ்'. என் எழுத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தூணைத் தலைகீழாக நட்டுவிட்டேன். எங்களை மேய்க்கும் போர்மன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தூணுக்குள்ளும் 'மேல்', 'கீழ்' என்று எழுதிய பிறகுதான் ஒட்டுவேன்.

"பார்த்தீர்களா, கைவினைஞர் தன் கையெழுத்தை விட்டுப் போயிருக்கிறார்! எந்த மொழியோ தெரியவில்லை. ஓத்தாந்திக், அசல் கைவேலை!" என்றார் அந்தப் பெண்மணி.

"அது என்னுடையது" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"ஓம், ஓம், இனி எல்லாம் உங்களுடையதுதான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

றெஜினா மெல்லக் குனிந்து வாசித்தாள். "உங்கட எழுத்தெல்லோ?"

"ஓம்."

"அப்ப விழாதுதானே?"

பதினாறு வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த தூணைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. விழாது, ஏனென்றால் அது எதையும் தாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "விழாது" என்று மட்டும் சொன்னேன். வீட்டை வாங்கினோம்.

குடிபுகுமுன் நல்லதொரு கைவினைஞரை அனுப்பித் தூணைத் திருத்தித் தருவதாக அந்தப் பெண்மணி வாக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை சாவி கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை போர்மன் எனக்கு ஒரு விலாசத்தை அனுப்பினான். அந்த நல்ல கைவினைஞர் யார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கொம்பனியின் பெயர் போட்ட மேலங்கியோடு என் வீட்டு வாசலில் முழங்காலில் இருந்தேன். பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசி, என் எழுத்தை மறுபடி மூடினேன். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்து நின்றார்.

"போன்ஜூர். நல்ல வேலை. வீட்டுக்காரர் எப்போது வருகிறார்?"

"நாளைக்கு."

"எப்படிப்பட்ட ஆட்கள்? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நின்றார். நாய் என் சப்பாத்தை மணந்து பார்த்தது. பசை காயும்வரை இரண்டு கையாலும் தூணை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் சாவி காற்சட்டைப் பைக்குள் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.