போனில் டொக்டர், கடையில் கூட்டம்

கொமினிகேஷன் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு காது போதாது; வாய் மட்டும் ஒன்றே அதிகம். போனுக்கு ரீலோட் போட வருகிறவரும், போட்டோ கொப்பி எடுக்க வருகிறவரும், கொழும்பு டொக்டரோடு வீடியோவில் பேச வருகிறவரும் தங்கள் வீட்டு விஷயத்தை நம் மேசையில்தான் கொட்டுகிறார்கள். கேட்டுவிட்டு, கேட்காதவன் மாதிரி இருக்க வேண்டும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கடை மஸ்கெலியா பாதையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் இருக்கிறது. பள்ளத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சிக்னல் கிடையாது. அதனால்தான் எனக்குச் சோறு. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று இந்தக் கதைக்குரிய ஏழு வயதுப் பிள்ளையிடமே கேட்டேன். "நல்ல பேரா வைங்க தாத்தா" என்றாள். வைத்திருக்கிறேன்.

குடையோடு வந்தவர்

செல்லையா எங்கள் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை; ஆள் பிரிப்பதும் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுவதும் அவர் கையில்தான் இருந்தன. நான் மலையில் வேலை செய்த காலத்தில், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தி வந்தேன் என்று எல்லார் முன்னாலும் என்னைத் திருப்பி அனுப்பியவர். அன்று நல்ல மழை. அது நடந்து இருபத்தாறு வருஷமாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சட்டை இன்னும் காயவில்லை.

அந்த மனிதர் ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தார். ரீலோட் போட்டார். போகவில்லை. குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். பேத்தி தர்ஷிக்கு ஏழு வயது. வெளிக்குப் போகும்போது இரத்தம் வருகிறதாம், மூலமாக இருக்குமாம். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள், அதுவும் பாதி. அந்தப் பாதையில் ஹட்டனுக்கு பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினால் விஷயம் மருந்துக்கு முன்னால் லயத்துக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அவள் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டாள். அதனால் மருமகள் செல்வி கொழும்பில் பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு டொக்டரிடம் சனிக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் பேச நேரம் எடுத்திருக்கிறாள்.

எனக்கு உள்ளுக்குள் மேளம் அடித்தது. இருபத்தாறு வருஷம் காத்திருந்ததற்கு சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு, "யாருக்கும் சொல்லமாட்டேங்க ஐயா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைசில உன்கிட்ட வந்து நிக்கணும்னு இருக்கு பாரு மாரிமுத்து, அதத்தான் என்னால தாங்க முடியல."

தராசு

டொக்டர் பக்கத்திலிருந்து முன்கூட்டியே ஒரு குறிப்புத் துண்டு அனுப்பியிருந்தார்கள். பிள்ளையின் நிறை வேண்டும், மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வைக்க வேண்டும், கொடுத்த மருந்தைச் சொல்ல வேண்டும், கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். போட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் இருந்தது. நிறைக்குத் தகுந்தபடிதான் மருந்தாம். என் கடைப் பின்பக்கம் உருளைக்கிழங்கு நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று தொங்குகிறது. ஒரு காலத்தில் கொழுந்து நிறுத்த தராசு.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து செல்வி பிள்ளையைக் கூட்டிவந்தாள். சாக்கு ஒன்றைத் தொட்டில் மாதிரிக் கொக்கியில் மாட்டி, உள்ளே தலையணை போட்டுத் தர்ஷியைப் படுக்க வைத்தோம். அவள் ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறாள் என்று செல்வி சொன்னாள். முள் இருபத்தொன்றில் நின்றது. செல்லையா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கொப்பியில் பத்தொன்பது என்று எழுதினார்.

"ரெண்டு கிலோ எங்க மாமா?" என்றாள் செல்வி. "சாக்குக்கும் ஈரத்துக்கும்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. கை தன்பாட்டில் எழுதிவிட்டது, பாவம்; முப்பது வருஷப் பழக்கம். வெறும் சாக்கையும் தலையணையையும் மாட்டிப் பார்த்தேன். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிற செல்வி திரும்பவில்லை.

"ஊருக்கே கழிச்சீங்க, வாய மூடிக்கிட்டு இருந்தேன். நம்ம வீட்டுப் புள்ளைக்குமா மாமா கழிப்பீங்க?"

மூன்று நாள் சாப்பாடு

சாப்பாட்டுக் கணக்கையும் செல்லையாவே எழுதி வந்திருந்தார். கீரை, பருப்பு, பப்பாளிப்பழம், காய்ச்சிய தண்ணீர் எட்டுக் கோப்பை. வாசித்தால் கவர்னர் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. தர்ஷி எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு சாப்பிட்டது தாத்தா?" என்றாள். பிறகு அவளே விரல் விட்டுச் சொன்னாள். காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, பின்னேரம் மிக்சர், இராத்திரி நூடில்ஸ். தாத்தா திருட்டுத்தனமாக வாங்கிக் கொடுத்த சொக்லட் பிஸ்கட் தனி. செல்லையா தும்மினார்.

தண்ணீர் என்ற இடத்தை மட்டும் அவள் தாண்டிவிட்டாள். எத்தனை கோப்பை என்று நான் கேட்டேன். காலையில் தேத்தண்ணி ஒன்று, பின்னேரம் ஒன்று. பள்ளிக்கூடம் போன நாட்களிலும் கொண்டுபோன போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருமாம். செல்வி அதட்டப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தி, ஏன் குடிப்பதில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"தண்ணி குடிச்சா கக்கூசுக்குப் போகணும். அங்க கதவுக்குக் கொண்டி இல்ல, பெரிய வகுப்புக்காரங்க தள்ளிப் பாக்குறாங்க."

கட்டார் அப்பா

இரகசியத்தைக் காக்க செல்லையா ஒரு தந்திரம் செய்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. சனிக்கிழமை எதற்குக் கடைக்குப் போகிறீர்கள் என்று லயத்தில் யாரோ கேட்க, "கட்டார்ல இருக்கிற மகன் வீடியோவில வர்றான்" என்று சொல்லிவிட்டார். ஆளை மலைக்கு அனுப்பத் தெரிந்தவருக்கு லயத்து ஆட்களைத் தெரியவில்லை. மூன்றே முக்காலுக்கு என் கடையில் பதினோரு பேர். ஒருவருக்கு சென்ட் போத்தல் வேண்டும், ஒருவர் மகனுக்கு அங்கே வேலை கேட்க வேண்டும். லயத்து ராசாத்தி அக்கா பவுடர் போட்டு, திருவிழாச் சேலை கட்டி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தர்ஷி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரியாக நாலு மணிக்குத் திரையில் கண்ணாடி போட்ட ஒரு சிங்களப் பெண் வந்தாள். நல்ல தமிழில், ஸ்பீக்கர் அதிர, "வணக்கம், மூலம் இருக்கிறது யாருக்கு?" என்றாள்.

பதினோரு தலையும் செல்லையா குடும்பத்தின் பக்கம் திரும்பத் தொடங்கின. செல்லையா குடையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"எனக்குத்தாங்க டொக்டர்" என்றேன். "பத்து வருஷமா. இவங்க கட்டார் போன் வர்றதுக்கு முந்தி நீங்க வந்துட்டீங்க." அப்படியே கூட்டத்தைப் பார்த்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முடிச்சில் கைவைத்து, "டொக்டருக்குக் காட்டணும், இருக்கிறவங்க இருங்க" என்றேன். தீப்பிடித்த கடையிலிருந்துகூட அவ்வளவு வேகமாக ஆட்கள் வெளியேறியதில்லை. ராசாத்தி அக்காவின் ஒரு செருப்பு மட்டும் உள்ளே தங்கிவிட்டது. கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"அதான் இந்த மனுசன் எந்நேரமும் மூஞ்சிய அப்படி வச்சிருக்கு!"

கதவைச் சாத்திய பிறகு

டொக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். சிரித்து முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு தர்ஷியோடுதான் பேசினாள், எங்களோடு இல்லை. பிள்ளைகளுக்கு மூலம் வருவது குறைவு, மலம் இறுகி வெடிப்பு விழுந்தால்தான் பெரும்பாலும் இப்படி இரத்தம் வரும் என்றாள். நிறையைக் கேட்டாள்; இருபதரை என்று செல்வி முந்திக்கொண்டு சொன்னாள். அதற்கேற்ப மலம் இளகுகிற மருந்து எழுதினாள். தண்ணீர், பழம், காலுக்கு அடியில் சின்னப் பலகை, காலையில் அவசரப்படுத்தாமல் உட்கார விடுவது. ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் நேரில் காட்ட வேண்டும். தர்ஷி இவ்வளவு நேரமும் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்: "வெட்டுவீங்களா?" வெட்டமாட்டேன் என்று டொக்டர் சொன்னதும் பிள்ளை மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

கொண்டி விஷயத்தை அவளே டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் செல்லையாவைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளைகளை அப்படிப் பார்க்க யாருக்கும் துணிவிருந்ததை நான் கண்டதில்லை.

"தாத்தா, முதல் மருந்து அந்தக் கொண்டிதான். அத நீங்க வாங்கணும், பாமசியில கிடைக்காது."

துத்தி இலை

திங்கட்கிழமை காலை செல்லையா சுத்தியலோடு பள்ளிக்கூடம் போய், பெரிய வாத்தியாரைக் கேட்டு, பெண்பிள்ளைகளின் கக்கூசு நாலுக்கும் கொண்டி அடித்தார். நான் ஆணி பிடித்தேன். பத்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தர்ஷி வெள்ளைச் சட்டையோடு, போத்தலை ஆட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனாள். போத்தல் பாதிதான் இருந்தது.

என் நிலைமையைக் கேளுங்கள். ராசாத்தி அக்கா மூலத்துக்கு நல்லதென்று துத்தி இலை கொண்டுவந்தாள். ஒருவர் கருணைக்கிழங்கு, ஒருவர் பொல்பிட்டியவில் இருக்கும் வைத்தியரின் விலாசம். நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவரும் உண்டு. இல்லை என்று சொன்னால், அப்போது யாருக்கு என்று கேட்பார்கள். அதனால் எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன். அந்த நேரம் பார்த்து, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது செல்லையா வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். குடையை ஊன்றிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எழும்பாத மாரிமுத்து, எழும்பாத, ஒனக்கு உக்காரவே எவ்வளவு நேரமாகும்னு எங்களுக்குத் தெரியாதா?"

பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், டொக்டர் கொழும்பில் இருக்கிறாள், செல்லையா நிமிர்ந்து நடக்கிறார், மூலம் மட்டும் இந்தத் தோட்டத்தில் என் பேரில் நிலைத்துவிட்டது.