உட்கார்ந்திருக்கும் கோடரிக்காரன்

அவளுக்கு ஊர் வைத்த பெயர் அபாயம் அக்கா. பெயர்ப்பலகை எழுதுகிறவள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதிகம் எழுதிய சொல் அதுதான். மின்கம்பத்துக்கு மண்டை ஓடு, கல் குவாரி வாசலுக்குச் சிவப்பு அம்புக்குறி, ஏரிக்கரைக்கு 'ஆழம் அதிகம்'. அந்த ஏரிப் பலகையை நட்டுவிட்டு அவள் திரும்புவதற்குள் மூன்று பேர் குதித்தார்கள். அதில் ஒருத்தன் பலகையிலேயே சட்டையை மாட்டியிருந்தான். ஈரப் பெயின்ட் ஒட்டி, சட்டை முதுகில் 'அதிகம்' என்று இடவலம் மாறிப் பதிந்துவிட்டது. எனக்குச் சட்டை வாங்கிக் கொடு என்று அவளிடமே சண்டைக்கு வந்தான். அன்றோடு எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு விட்டுப்போயிற்று.

அதனால் ஜெபக்கூடத்துச் சுவரில் படம் வரையக் கூப்பிட்டபோது, ஓர் எழுத்துகூடக் கிடையாது, வெறும் படம்தான் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். எதை வரைவது என்பதைக் கமிட்டி வேதத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. குழி வெட்டுகிறவன், பழைய சுவரை இடிக்கிறவன், கல் பெயர்க்கிறவன், விறகு பிளக்கிறவன். ஒவ்வொருவருக்கும் ஆபத்து அவரவர் வேலைக்குள்ளேயே காத்திருக்கிறது; வெட்டினவன் அந்தக் குழியிலேயே விழுவான், இடிக்கிறவனைச் சுவருக்குள் இருக்கும் பாம்பு கடிக்கும். அதன் முடிவில் மழுங்கிய இரும்பைப் பற்றி ஒரு பேச்சு. தீட்டாதவன் பலத்தையெல்லாம் செலவழிக்க வேண்டும், புத்தியுள்ளவன் முதலில் தீட்டிக்கொள்வான் என்கிற மாதிரி. அந்த இடத்தைப் படித்ததும் அவள் தன் வீட்டுக்காரரின் வலது கையைப் பார்த்தாள்.

அந்தக் கையில் மூன்று விரல்தான். மர மில்லில் ரம்பம் மழுங்கிவிட்டது, நிறுத்தி மாற்ற வேண்டும் என்று அவர் அன்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த லோடு முடியட்டும்ப்பா, மாத்திக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். மழுங்கிய ரம்பம் மரத்தைத் தின்னாது, அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்தினார், கட்டை துள்ளியது. அந்த சூப்பர்வைசர்தான் இப்போது ஜெபக்கூடத்துக் கமிட்டியின் செயலாளர்.

பதினேழு நாள் வரைந்தாள். குழி வெட்டுகிறவனின் நிழலை அவனுக்கு முன்னாலேயே குழிக்குள் விழவைத்தாள். சுவரில் நிஜமாகவே ஒரு விரிசல் இருந்தது. அதற்குள் பாம்பின் வாலை மட்டும் போட்டாள். நடுவில், எல்லோரையும்விடப் பெரிதாக, ஒருவன் வெட்டாத மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கோடரியை வைத்துத் தீட்டுகிறான். அவன் முகத்தில் அவசரமே இல்லை. அந்த முகத்துக்கு மட்டும் நாலு நாள். பிறர் சொன்னதையே எழுதிப் பிழைத்தவள் தனக்கென்று போட்ட படம் அது ஒன்றுதான். அவன் அப்படியே இருக்க வேண்டும் என்பதில் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

செயலாளர் வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு தடவை நடந்தார்.

"எல்லாம் பிரமாதம்மா. ஆனா இவன் ஏன் உக்காந்திருக்கான்?"

"கோடரி தீட்டுறான் சார்."

"அது தெரியுது. மத்தவங்கல்லாம் வேலை செய்றாங்க, இவன் மட்டும் சும்மா உக்காந்திருக்கானே. பாக்குறவங்களுக்குச் சோம்பேறி மாதிரி தெரியும். கமிட்டிலயும் அதான் பேசினாங்க. எழுந்து நின்னு வெட்டட்டும்."

"அவன் உக்காந்திருக்கறதுதான் சார் படமே."

"கோடரிய ஓங்கினாத்தாம்மா ஒரு கம்பீரம். ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திடுங்க."

ஏரியில் குதித்தவர்களாவது பலகையைப் படிக்கவில்லை. இந்த மனுஷர் படித்துவிட்டு, பலகையையே மாற்றச் சொல்கிறார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டே பாத்திரங்களை உருட்டினாள்.

"நிக்கட்டுமே, விடு" என்றார் வீட்டுக்காரர். "அவர்கிட்ட நான் சொல்லாததா? கேக்கற ஆளா அவரு?"

"நீங்க விட்டுட்டு விட்டுட்டுத்தான்..." என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கிக்கொண்டாள். அவர் இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் மேல் வந்த கோபம் அவர் மேல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் போய், பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாள் முகத்தை ஒரே இழுப்பில் வெள்ளையடித்தாள். அது காய்ந்ததும் அவனை எழுப்பி நிறுத்தினாள். கால் அகட்டி, மார்பு விரித்து, தலைக்கு மேல் கோடரி. கமிட்டி கேட்ட கம்பீரத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செயலாளர் வந்தார். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவள் மேலே நின்று கோடரிப் பிடியின் ஓரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இப்பப் பாருங்க, எப்படி இருக்கான்" என்று ஆரம்பித்த செயலாளர் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார். உதடு அசைய எண்ணினார்.

"வலது கைல விரல் ரெண்டு குறையுதேம்மா. மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். தீட்ட விடாம வெட்டச் சொன்னா கை அப்படித்தான் இருக்கும்."

செயலாளரின் கண் சுவரிலிருந்து இறங்கி ஏணிக்கு வந்தது. ஏணியைப் பிடித்திருந்த கை அங்கேயே இருந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்து மறைக்கவில்லை.

"இதை... சரி பண்ணிக் குடுத்துடுங்கம்மா." குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"குடுத்துடலாம் சார்" என்றாள் அவள், ஏணியில் நின்றபடியே. "அவனை உக்கார விடுங்க. அஞ்சு விரலையும் போட்டுத் தரேன்."