அறுநூறு மணி நேரம் ஓடிய தூள்

மலேசியாவின் காப்பாரில், செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்த கார்த்திகேசுவின் மகள் லோகேஸ்வரி, பல்கலைக்கழக ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடம் ஒரு கறுப்புத் தூளோடு மல்லுக்கட்டினாள். நிக்கலும் சீரியமும் சேர்ந்த வினையூக்கி அது. ஆலைக் கழிவுக் குளத்திலிருந்து குமிழியிட்டு எழும் வாயுவை எரிபொருளுக்கான மூலமாக மாற்றும். ஆனால் நாற்பது மணி நேரத்தில் கரி படிந்து செத்துப்போகும். அவள் மறுபடி செய்வாள். அது மறுபடி சாகும்.

2022இல் செய்த ஒரு தொகுதி மட்டும் சாகவில்லை. இருபத்தைந்து நாள் உலை அணையாமல் ஓடியது. அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சுகு, அறுநூறு மணி நேரம்! இன்னும் ஓடுது லா!”

அவள் கணவன் சுகுமாறன் சர்வதேச உறவுகள் துறை விரிவுரையாளர். வல்லரசுகள் மோதிக்கொள்ளும்போது சின்ன நாடுகள் என்ன செய்கின்றன என்பது அவன் ஆராய்ச்சி. அவளுடைய தூளைப் பற்றி அன்றுதான் முதன்முறையாக ஆர்வத்தோடு கேட்டான்.

“ஏன் இது மட்டும் சாகல?”

“தெரியல. அதே மாதிரி நாலு தடவ செஞ்சேன், வரல. பாதித் தூள சீனாவுல லின் கிட்ட அனுப்பிட்டேன். அவங்க மைக்ரோஸ்கோப்புல பார்த்தாத்தான் தெரியும்.”

“செலவு?”

“அமெரிக்க பவுண்டேஷன். அந்த ரெண்டு நாடும் முட்டிக்கிட்டாலும் நடுவுல என் தூள் ஓடுது பாருங்க!” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். பேராசிரியர் லின் அவளைவிட மூத்தவர்; எட்டு வருடமாக மாதம் தவறாமல் கடிதம் எழுதியவர்.

மறுவருடம் சுகுமாறனின் அறிக்கை வெளிவந்தது. இரு வல்லரசுகளோடும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கும் மலேசிய ஆய்வுகளின் பட்டியல் அதன் கடைசியில் இருந்தது. பாலமாக நிற்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் நிக்கல்–சீரியம் ஆய்வைச் சேர்த்திருந்தான். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, அப்படியோர் ஆய்வு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அமெரிக்க அறக்கட்டளையிலிருந்து கேள்விகள் வந்தன. இந்தத் தூளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? மாதிரிகள் யார் கையில் இருக்கின்றன? கூடவே அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். லோகேஸ்வரி அதை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தாள். சாப்பாட்டு மேசையில் தான் சொன்னது ஒவ்வொன்றும் அழகான ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

அவள் பதில் எழுதினாள், விளக்கினாள், மன்றாடினாள். கடைசியில் பல்கலைக்கழகமே முடிவெடுத்தது: லின்னோடு கடிதம்கூடக் கூடாது. அதற்குள் சீனாவிலும் கதவு சாத்தப்பட்டிருந்தது. லின்னிடமிருந்து கடைசியாக நான்கு வரி வந்தது. கரி ஏன் படியவில்லை என்பதைக் கண்டுவிட்டேன், லோகா. பார்த்ததும் உன்னைத்தான் நினைத்தேன். வெளியே அனுப்ப எனக்கும் அனுமதி இல்லை. மன்னித்துவிடு.

தன் கையிலிருந்த பாதியை ஓட்டிப் பார்த்தே தீர்த்திருந்தாள் லோகேஸ்வரி. அதன்பின் ஒன்பது முறை செய்தாள். ஒன்பதும் நாற்பது மணி நேரத்தில் கறுத்தன. அறக்கட்டளையின் பணம் நின்றுபோனது, அவளிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த இந்துஜா சிங்கப்பூருக்குப் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லோகேஸ்வரியே உலையின் சுவிட்சை அணைத்தாள். சூடு முழுவதும் இறங்கும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று வீட்டில்தான் முதல்முறையாக அதைப் பேசினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“உன்ன பெருமையா காட்டத்தான் லோகா போட்டேன். சத்தியமா.”

“தெரியும். அதான் உங்க மேல கத்தக்கூட முடியல.”

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கழுவித் துடைத்த தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினாள்.

அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது. சுகுமாறனை ஜகார்த்தாவுக்கும் கான்பெராவுக்கும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு அழைப்பையும் அவளிடம் சொல்லக் கூசினான். அவன் கூசுவதைப் பார்த்து அவளும் கூசினாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகள்போல நடமாடினார்கள். 2024இல் அவளுக்குக் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை கிடைத்தது. தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வர முடியாது என்று சொல்லி அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

இப்போது காலை ஏழு மணிக்குக் கையுறைகளில் தண்ணீர் நிரப்பி எங்கே கசிகிறது என்று பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் தனலெட்சுமிக்கு அவள் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்றே தெரியாது. போன மார்ச்சில் லின்னின் கட்டுரை வெளியானது. சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் அதைத் திறந்தாள். அவள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் மூன்றாவது படத்தில் இருந்தது அவளுடைய தூள்தான். ஒவ்வொரு நிக்கல் துகளையும் கரி படியவிடாமல் சீரியம் மெல்லிய போர்வைபோலச் சுற்றியிருந்தது.

“என்னக்கா, ஸ்கேனா? யாருக்கு?” என்று எட்டிப் பார்த்தாள் தனலெட்சுமி.

“எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு.”

“நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்கு,” என்றாள் லோகேஸ்வரி. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தனலெட்சுமி ஒன்றும் புரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வேலை மணி அடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.