சுண்ணாம்பு அடித்த வீட்டுக்குச் சோலைவரி

பட்டின சபையிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, அப்பாவைச் சுண்ணாம்பு வாங்க விரட்டியதுதான்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு, கைக்கு வந்த சேமலாப நிதியைப் போட்டு, இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ரயில் பாதைக்கு மேலே அந்த வீட்டை வாங்கியிருந்தார். எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த புதிது. வரிச்சு கட்டி மண் பூசிய சுவர், சாணி மெழுகிய தரை, தகரக் கூரை. தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவைவிட ஓர் அறை கூடுதல், அவ்வளவுதான். ஆனால் யாரும் எங்களை வெளியே போகச் சொல்ல முடியாத இடம் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அம்மாவுக்கு அந்தப் பெருமை வரவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அம்மாவின் பெயரை மட்டும் என் மாமா, இந்தியாவுக்குப் போக அவர் கொடுத்த மனுவில் சேர்த்து எழுதிவிட்டிருந்தார். அதை நீக்கச் சொல்லி நாங்கள் போட்ட மனுவுக்குப் பதிலே வரவில்லை. மாமா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்; அம்மாவையும் எந்த நாளும் அனுப்பிவிடலாம். கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கோச்சி, அந்த ரயில், எங்கள் வீட்டுக்குக் கீழேதான் போகும், ஜன்னலுக்கு ஜன்னல் அழுகைச் சத்தத்தோடு. அந்த நேரத்தில் அம்மா அடுப்படியை விட்டு நகரமாட்டாள்.

வீட்டுக்குப் போடும் சோலைவரிக்காக மதிப்பிட வருகிறார்கள் என்று நான் தலைகீழாக நின்று விளக்கினேன். அவள் காதில் ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்துத் தொரை லயம் பார்க்க வருவதுதான். முதல் நாளே கங்காணி கத்துவார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், சாக்கடைக் காணைக் கழுவுவார்கள், கோழிகளை ஒளித்து வைப்பார்கள்.

“பாக்க வாறவங்க முன்னாடி வீடு அசிங்கமா கெடந்தா, இதுகளுக்கு எதுக்கு இந்த ஊருன்னு நெனைக்க மாட்டாங்களா புள்ள?” என்றாள்.

பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் போய், அவர்கள் விசேஷங்களுக்கு விரிக்கும் சிவப்பு லினோலியத்தை இரவல் வாங்கி வந்து சாணித் தரையை மூடினாள். தோட்டத்து டோபியைக் கூப்பிட்டு, சடங்கு வீட்டுக்குக் கட்டுவது போலக் கூரைக்கு அடியில் வெள்ளை வேட்டிகளை இழுத்துக் கட்டவைத்தாள். துவாரம் விழுந்த தகரம் மறைந்து, வீட்டுக்கு ‘சீலிங்’ வந்துவிட்டது. அதிகாரி வந்து சுவர்ப் பக்கம் சாய்ந்தபோது, “ஈரம் மாத்தையா, சட்டையில ஒட்டும்” என்று பதறிப்போய்த் தடுத்தாள். அவர் தேத்தண்ணி குடித்து, வீடு அழகாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அம்மாவின் கால் தரையில் படவில்லை.

பிறகு வரிச்சீட்டு வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீடும் நோனா வீடும் ஒரே மேசன் பாஸ் ஒரே மாதிரி கட்டியவை. நான் பட்டின சபைக்குப் போய், எங்கள் வரிசை வீடுகளின் மதிப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் வீட்டைப் போல எங்களுடையது இரண்டு மடங்காக இருந்தது. சாந்து பூசிய சுவர், சீமெந்துத் தரை, சீலிங் என்று பதிவாகியிருந்தது.

கிளாக்கர் நல்ல மனிதர். “ஆட்சேபனை எழுதிக் குடுங்க டீச்சர். கட்டாம விட்டா வீட்டை ஏலத்துக்குக் கொண்டு வந்துருவாங்க. மதிப்புப் போட்ட ஐயா திரும்ப வந்து பார்ப்பாரு” என்றார். அம்மாவைப் பற்றி எதையாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பூகம்பம். “கவர்மெண்டுகூட வழக்கா?” என்றார் அப்பா. “ஒங்க அம்மா விசயம் முடியாம கெடக்கு. வாய மூடிக்கிட்டுக் கட்டிருவோம்.”

“எதைக் கொண்டு கட்டுறது?”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் பயந்த அதே பயம்தான் எனக்கும். வீடு போனால் தெரு. வீட்டைக் காப்பாற்றப் போய் அம்மா யார் கண்ணிலாவது பட்டால் கோச்சி.

அதிகாரி மறுபடி வரும் நாளில் அம்மா டோபியைத் திரும்பக் கூப்பிடப் பார்த்தாள். ஏமாற்றினோம் என்று பிடித்துக்கொள்வார்களாம், அதனால் எல்லாம் பழையபடி இருக்கவேண்டுமாம். வாசலில் குறுக்கே நின்று தடுத்தேன். பெற்ற தாயை அப்படித் தடுத்தது அது ஒரு தடவைதான்.

அதிகாரி உள்ளே வந்து முதலில் மேலே பார்த்தார். தகர ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது. மழைக்காலத்தில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்து, சுவர் மண்ணாகவே நின்றது. காலால் தரையைத் தட்டினார்.

“சீலிங் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார். அவருக்குச் சொல்ல நான் ஒத்திகை பார்த்திருந்த சிங்களத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

அடுப்படியில் ஒளிந்திருந்த அம்மா வெளியே வந்து கையைக் கூப்பினாள். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொன்னாள். “நாந்தான் மாத்தையா செஞ்சேன். தொரை வந்தா லயத்துக்கு வெள்ளை அடிப்போம். அது மாதிரி செஞ்சுட்டேன். இதுக்காக என்னைய அனுப்பிராதீங்க மாத்தையா.”

அவருக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, “எங்கே அனுப்புவது?” என்று கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். “அம்மே, நான் வீட்டைப் பார்க்க மட்டும்தான் வந்தேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, சுவரை விரலால் சுரண்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார். இந்த முறை தேத்தண்ணி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வரி நோனா வீட்டு அளவுக்கு இறங்கியது. வீடு தப்பியது. ஆனால் அதன் பிறகு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சுவரில் கை வைக்க அம்மா விடவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களாம். “ஊரெல்லாம் வெள்ளை அடிக்குது, நம்ம வீடு மட்டும் குரங்குக் குடிசை” என்று அப்பா கிண்டல் செய்வார். அவள் சிரிக்கமாட்டாள்.

எண்பதுகளின் நடுவில்தான் அவளுக்குப் பிரஜாவுரிமை வந்தது. மூன்று பேரும் அழுதோம். அன்று மாலையே அப்பா, யாரும் சொல்லாமலே, சுண்ணாம்பு வாங்கி வந்து வாளியில் கரைத்தார். அம்மா வெள்ளையடிக்கும் மட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அறை இரண்டையும் அடித்து முடித்தாள். அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள மட்டும் போதுங்க,” என்றாள். “வெளிய வேணாம்.”