பத்து இருபத்தைந்துக்குக் கோச்சி இல்லை

காப்புறுதி முகவரைக் கண்டால் கொழும்பு வெள்ளவத்தையில் நாய்கூடக் குரைப்பதில்லை. எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நில நடுக்கத்துக்கும் சேர்த்து வீட்டைக் காப்புறுதி செய்யச் சொன்னால், "இஞ்ச எங்க நடுங்குது?" என்று சிரிக்கிறார்கள். கதவிடுக்கில் நின்று "அவர் வீட்டில இல்லை" என்று என்னைத் திருப்பி அனுப்பிய வாசகர்களே, உங்கள்மேல் கோபமில்லை. பொலிசியின் பொடி எழுத்தோடு நானும் அவதிப்பட்டவன்தான். அதை எனக்கே புரியவைத்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓம், தினமும்

திலகா அக்கா ரயில்வேயில் நேரசூசிப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ஒரு பழைய மாடி வீடு. அதைத் தவிர அவருக்கென்று வேறு எதுவுமில்லை. "இக்கட்டடத்தில் இதற்கு முன் அதிர்வு உணரப்பட்டதா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி. அக்கா "ஓம், தினமும்" என்று எழுதி, ரயில் கோச்சிகள் போகும் நேரங்களையும் வரிசையாகக் குறித்திருந்தார். "வெடிப்புகள் உண்டா?" என்பதற்கு, "மாடிப்படிச் சுவரில் ஒன்று, மூன்றாம் படியோடு நிற்கிறது" என்று பதில். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் அளவுக்கு அடிமட்டம் வைத்து எடுத்த படமும் இணைத்திருந்தார்.

தலைமை அலுவலகம் என்னைப் பிடித்து உலுக்கியது. ஓடிப்போய், "அக்கா, ரெண்டுக்கும் 'இல்லை' எண்டு போடுங்கோ, அலுவல் சுகமா முடியும்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, பொய் சொல்லி எடுக்கிற பொலிசி டிக்கெட் இல்லாமக் கோச்சியில ஏறின மாதிரி. செக்கர் வாற வரைக்கும்தான் சுகம்."

மெசின் யாருடையது?

படிவம் அப்படியே போனது. பழைய வெடிப்புக்கு நட்டஈடு இல்லை, புதிதாக வருவதற்கு உண்டு, அதிலும் முதல் சிறு பங்கை அக்காவே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு பொலிசி வந்தது. அதை விளக்கிக்கொண்டிருந்தபோது, மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வசந்தி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹட்டன் பக்கத்துப் பெண். மூன்று தையல் மெசின்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவர். "சார், இதுல என் மெசின் இருக்கா?" என்றார்.

இல்லை. வீட்டுக்காரரின் பொலிசி வீட்டுக்கு மட்டும். குடியிருப்பவர் தன் சாமானுக்குத் தனியாக எடுக்கவேண்டும். இதை இருபது வருடத்தில் எந்த வாடகைக்காரரிடமும் நானாகச் சொன்னதில்லை. சின்னப் பொலிசிதானே என்ற அலட்சியம். வெட்கத்தோடு சொன்னேன். வசந்தி அங்கேயே கையெழுத்துப் போட்டார். "வீடு விழுந்தா அக்காவுக்கு, மெசின் விழுந்தா எனக்குல்ல சார்!"

எல்லோருக்கும் கேட்ட கோச்சி

பொலிசியைப் புதுப்பிக்கும் அலுவலாக ஒரு காலையில் அக்கா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. ஜன்னல் அதிர்ந்தது. "கோச்சி" என்றேன், பெரிய நிபுணன்போல. ஒழுங்கையில் ஒருவரும் தலை தூக்கவில்லை. அக்கா மட்டும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சில நொடிகளில் நடுக்கம் நின்றது, அவர் எழுந்துவிட்டார். "வசந்தி, கீழ இறங்கு! உடனே!"

மூவரும் வாசலுக்கு வந்து சேர்ந்ததும், பின்னால் படிச்சுவரின் மேற்பாதி கல்லும் சாந்துமாகச் சரிந்தது. வசந்தி இறங்கி வந்த படிகளையே காணவில்லை. வசந்தி அக்காவின் கையை விடவேயில்லை. "எப்புடிக்கா தெரிஞ்சிச்சு?" என்று அழுதார். அக்கா சேலையில் படிந்த தூசியைத் தட்டினார். "பத்து இருபத்தஞ்சுக்குக் கோச்சி இல்லை, பிள்ளை."

செக்கர் வந்தார்

மதிப்பீட்டாளர் கைவிளக்கோடு வந்தார். "தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு. கோச்சி ஆட்டின பழைய வெடிப்பு. நில நடுக்கத்தில சேராது" என்றார். அக்காவின் முகம் வெளுத்தது. அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட அவருக்கு வேறு வழியில்லை. நான் அந்தப் பழைய படிவத்தை எடுத்து நீட்டினேன். சுவர் விழுந்தது ஏழாம் படிக்கு மேலே. மூன்றாம் படி வெடிப்போ, அக்கா போட்ட பென்சில் கோட்டைத் தாண்டாமல் அப்படியே நின்றது. நான் சொன்ன 'இல்லை'யை அவர் எழுதியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். மதிப்பீட்டாளர் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெடிப்பை அளந்து தானே எழுதித் தந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

சுவருக்கும் கிடைத்தது, மேலே கவிழ்ந்து உடைந்த ஒரு மெசினுக்கும் தனியாகக் கிடைத்தது. செய்தியைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. புறப்படுகையில் வசந்தி வாசல்வரை வந்தார். "சார் இருக்கறதும் வாடகை வீடுதானே? உங்க சாமானுக்கு எடுத்துட்டீங்களா?"

அன்று மாலை கொட்டாஞ்சேனையில், இருபது வருடமாக எனக்குக் கதவைத் திறக்காத ஒரு வாடிக்கையாளரிடம் என் வீட்டு மேசையிலேயே ஒருவழியாகக் கையெழுத்து வாங்கினேன். அதிர்வு உணரப்பட்டதா என்ற கேள்விக்கு அந்த ஆள் என் கையெழுத்திலேயே, "ஓம், தினமும், துறைமுக லொறிகள்" என்று எழுதினார்.