உயிலில் இருந்த மருமகன்

சென்னை சட்டசபைக்குத் தேர்தல் நடந்த வருஷம், என் கல்யாணம் ஒரே ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை மகன் பீளமேட்டில் ஒரு மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் அப்பா வாசலுக்குப் போய் "வாங்க மருமகனே" என்பார். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்ட வார்த்தை. இதற்கு மேல் என்ன நிச்சயம் வேண்டும்? வேறு இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டி அனுப்பிவிட்டு, இருபத்திரண்டு வயது வரை அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

சும்மா உட்காராமல் டைப்ரைட்டிங் படித்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்கத் துரைசானியம்மாவிடம் வேலை கிடைத்தது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வருகிற கடிதத்தைப் படித்துக் காட்டுவதும், போகிற கடிதத்தை அடித்துக் கொடுப்பதும் நான்தான். முன்ஷி வாத்தியார் வைத்து வேதாகமத்திலிருந்து தமிழ் கற்றவர். "மகளே, நீ போஜனம் பண்ணினாயோ?" என்று அவர் கேட்கும்போது, பழைய சோறு தின்றுவிட்டுப் போன எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அதற்குக் கோபித்துக்கொள்ளாத நல்ல மனுஷி.

அவருக்கு ஒரு தேடல் இருந்தது. அமெரிக்காவை இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில், அவர்கள் ஊர்ச் சட்டசபையில் மெம்பராக இருந்த ஒருவர் தங்கள் நேர் மூதாதை என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. அது நிஜமா என்று தெரிந்துகொண்டு கண்ணை மூட வேண்டும் என்று ஊரிலிருந்த அவருடைய அண்ணன் எழுதியிருந்தார். அங்கே ஜில்லா மாதிரி ஒன்றைக் கவுண்டி என்கிறார்கள். கவுண்டி ஆபீஸில் நூறு இருநூறு வருஷத்து உயில்கள், பத்திரங்கள், கல்யாணப் பதிவுகள் எல்லாம் கட்டுக்கட்டாக இருக்குமாம். அந்த கிளார்க்குகளுக்கு நாங்கள் எழுதுவோம். பதில் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "ஏங் கண்ணு, அமெரிக்காவுலயும் கவுண்டருங்க ஆபீஸ் வெச்சிருக்காங்களா?"

"கவுண்டர் இல்லீங்கப்பா, கவுண்டி."

"அதானே பாத்தேன். நம்மாளு அத்தன தூரம் போயி காகிதம் எழுதிட்டா உக்காந்திருப்பான்? தோட்டமல்லோ வாங்கியிருப்பான்."

துரைசானியம்மாவின் கையில் ஒரு வம்சாவளி பாதி வரை இருந்தது. அப்பா, பாட்டன், பூட்டன் என்று மேலே போய் ஒருவரிடம் நின்றுவிட்டது. அந்த மனுஷருக்கும் மெம்பருக்கும் என்ன உறவு என்பதுதான் கேள்வி. எனக்கானால் இங்கிலீஷ் உறவுமுறையைப் பார்த்தாலே எரிச்சல். சித்தப்பாவும் அங்கிள், தாய்மாமாவும் அங்கிள், அத்தை புருஷனும் அங்கிள். யார் வீட்டில் சம்பந்தம் பண்ணலாம், யார் வீட்டில் கூடாது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ! அதனால் எனக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, எல்லாரையும் நம் முறையில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். "எங்க பாஷையில எழுதினாத்தானுங்க ஆளு யாருன்னு தெளிவாத் தெரியும்" என்று அவரிடமே பெருமை அடித்துக்கொண்டேன்.

வெயில் காலத்தில் அவர் கோத்தகிரிக்குப் போய்விடுவார். அந்தச் சமயம் பார்த்து மெம்பருடைய உயிலின் நகல் வந்தது. கொஞ்சம் நிலம், ஓர் இறகு மெத்தை, ஓர் இரும்புச் சட்டி, எல்லாவற்றையும் எங்கள் வம்சாவளி நின்றுபோன அந்த மனுஷருக்கு எழுதி வைத்திருந்தார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'மருமகன்' என்று குறித்துக்கொண்டேன். உயிலை உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் கழித்து, நோட்டைப் பார்த்து வம்சாவளியை இங்கிலீஷில் அடித்து மலைக்கு அனுப்பினேன். மருமகன் என்று இருந்த இடத்தில் 'சன்-இன்-லா' என்று அடித்திருந்தேன்.

அப்படியானால் மெம்பர் மகளின் வழியில் வந்தவர் துரைசானியம்மா. நேர் வாரிசு. அவர் அங்கே பக்கத்து பங்களாக்காரரைக் கொண்டு அதைப் படித்து, அண்ணனுக்கும் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, ஜூனில் இறங்கி வந்ததும் எனக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார். "உன்னாலே எங்கள் பிதாவைக் கண்டடைந்தோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் தனியாக வரவில்லை. அத்தையும் வந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் இருந்தன. நிச்சயத்துக்குத்தான் என்று நினைத்தேன். அடுக்களைக்குள் ஓடிப்போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். அவசரத்தில் பாதித் தூள் தரையில் கொட்டியது.

அத்தையின் குரல் கேட்டது. "ஏனுங்கண்ணா, உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லோணும்னு வந்தோம். ஆனமலையில ஒரு வாத்தியார் வீட்டுப் புள்ள. இவனுக்கும் புடிச்சுப் போச்சுங்க. வார ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கச் சொல்லியாச்சு."

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. வாசித்துவிட்டால் வாசித்ததுதான்.

அப்பா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பிறகு, "நல்லா இருங்க மருமகனே" என்றார்.

அதே சொல். குரல்கூட மாறவில்லை. அக்கா தங்கை மகன் எந்த ஊரில் யாரைக் கட்டினாலும் மருமகன்தான். மகளைக் கட்டினவனும் மருமகன்தான். இத்தனை வருஷமாக அப்பா எதைச் சொன்னார், நான் எதைக் கேட்டேன்? அவரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த கோபம் மாதிரி வேறு யார் மேலும் வந்ததில்லை. காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இருக்குது அம்மணி" என்று அத்தை சொன்னார். அத்தை மகன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு டம்ளர் கழுவும்போதுதான் உயில் ஞாபகம் வந்தது. நோட்டில் நான் எழுதியதும் அதே சொல்தானே?

திங்கட்கிழமை காலையில் துரைசானியம்மா பங்களாவுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து உறையைப் பிரித்தேன். 'என் சகோதரியின் மகனாகிய நெஃப்யூ' என்று தெளிவாக இருந்தது. நெஃப்யூவை நான் மருமகன் ஆக்கி, மருமகனைச் சன்-இன்-லா ஆக்கி, சட்டசபை மெம்பருக்கு இல்லாத ஒரு மகளை அந்த மனுஷருக்குக் கட்டி வைத்திருந்தேன். எப்படி நடந்தது என்று என்னையே கேட்க வேண்டியதில்லை. அந்த வருஷம் எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்திருந்தது.

துரைசானியம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் உயிலைக் கையில் வாங்கி, படிக்க முடியாத கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணனுக்குப் போன கடிதம் அப்போது நடுக்கடலில் இருந்திருக்கும்.

"இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தையானால், அவன் எந்த மருமகன் என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஓலை வாசிச்சாத் தெரிஞ்சுபோயிருங்க" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். வீட்டில் ஒரு சொட்டு விடாதவள், டைப்ரைட்டரின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேவிக் கேவி அழுதேன். அவர் அந்த மெம்பர் பாட்டன் கைவிட்டுப் போனதற்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அழாதே மகளே. அவர் ஒருநாளும் நம்முடையவராய் இருந்ததில்லை" என்றார்.