வேட்டியா, வெட்டியா

எனக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்ற சந்தேகத்தை ஒரு வாஷிங் மெஷின் கிளப்பிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். புனேயில், ஔந்த் பகுதியில் எங்கள் இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மின்விசிறி இவற்றோடு வரும் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் வேலை. யார் அதைப் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஓரமாகப் போவது அந்தப் புத்தகம்தான். ஆனாலும் பத்து மொழியில் அச்சடிக்கிறார்களே, அதில் தமிழ்ப் பக்கங்கள் என்னுடையவை. சென்னையில் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு நிறுவனம் மின்னஞ்சலில் கோப்பை அனுப்பும், நான் முடித்துத் திருப்பி அனுப்புவேன்.

நான் பிறந்து வளர்ந்தது புனேயை ஒட்டிய தேஹு ரோடு. அப்பாவுக்கு அங்கே ராணுவக் கிடங்கில் வேலை. பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும் மராத்தியும். வீட்டில் மட்டும் ஆரணித் தமிழ், அதிலும் பாதி பஜார் இந்தி கலந்தது. உருளைக்கிழங்கை எங்கள் வீட்டில் யாரும் உருளைக்கிழங்கு என்று சொன்னதே இல்லை, பட்டாட்டாதான். தமிழ் படிக்க நானாகத்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் கோபத்தில். அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதையை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். ஒரு வாரம் என்மேல் ஏதோ கடுப்பு. "போ, நீயே படிச்சிக்கோ" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டாள். கதாநாயகி ரயில் ஏறினாளா இல்லையா என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்றே வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அவள் ரயில் ஏறவில்லை. நான் பட்ட பாட்டுக்காவது ஏறியிருக்கலாம்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலைக்காகப் புனே வந்தவர். கல்யாணமான புதிதில் "பட்டாட்டா பாஜி பண்ணட்டுமா" என்று நான் கேட்டதை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்ன மனிதர். எனக்கு லேப்டாப் வாங்கித் தந்ததும் அவர்தான். வியாழக்கிழமைகளில் எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது. லேப்டாப் என்றால் மடித்து எடுத்துக்கொண்டு தேஹு ரோட்டுக்கு அம்மா வீட்டுக்கே போய்விடலாம். பதினாலு அங்குலத் திரை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"ஆயிரத்து நானூறுக்கு ஆயிரத்து அம்பது. இந்த சைஸ்ல இத்தனை புள்ளி வேற எதுலயும் கிடையாதாக்கும்" என்றார். திரை என்பதே கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளால் ஆனது, புள்ளி கூடக்கூடப் படம் துல்லியம் என்று விளக்கினார். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுத்துதான் பொடிப்பொடியாக இருந்தது. இருந்தால் என்ன, எனக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திரையில் நான் செய்து அனுப்பிய முதல் கையேடுதான் அந்த வாஷிங் மெஷின். ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து எடிட்டர் கூப்பிட்டார். அதுவரை மின்னஞ்சலில் மட்டும் பழக்கம்.

"மேடம், எதை வெட்டச் சொல்றீங்க?" என்று ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே படித்துக் காட்டினார். 'வேட்டி, சேலைகளைத் தனியாகத் துவைக்கவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'வெட்டி, சேலைகளைத் தனியாகத் துவைக்கவும்' என்று இருக்கிறதாம். படிக்கிற குடும்பத்தலைவி முதலில் கத்திரிக்கோலைத் தேட வேண்டும். இதைப்போல இன்னும் பதினோரு இடம் இருப்பதாகச் சொன்னார். 'மேலே' என்பது 'மெலே' என்றும், 'வேகம்' என்பது 'வெகம்' என்றும் கிடக்கிறதாம்.

"நீங்க பூனாவுலயே பிறந்து வளர்ந்தவங்கன்னு பார்த்தேன். வீட்ல பேசற தமிழ் வேற, எழுதற தமிழ் வேற இல்லீங்களா" என்றார். குரலில் கடுமை இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "எங்க லிஸ்ட்ல சொந்த ஊர்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களுது காலியா இருக்கு. என்ன போட்டுக்க?"

"ஆரணி பக்கம், சார்" என்றேன். அந்த ஊருக்கு நான் வாழ்நாளில் நாலு முறை போயிருப்பேன்.

"அடுத்து ஒரு மிக்ஸி கையேடு வருது. அதுவும் இப்படியே வந்தா வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் அடம்பிடித்து நானே சம்பாதித்த தமிழ் அது. அதை உன்னுடையது இல்லை என்று ஒருவர் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாரே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். வேட்டி, வேட்டியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு இடத்திலும் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. சரி, அந்த ஆளுக்குத்தான் கண் தெரியவில்லை என்று முடிவு கட்டி, சண்டைக்குத் தயாராகக் காரசாரமாக ஒரு கடிதம்கூட அடித்து வைத்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவரிடம் திரையைக் காட்டினேன். அவரும் எட்டி நின்று பார்த்துவிட்டு, "வேட்டின்னுதான இருக்குது" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, அந்த எழுத்தை மட்டும் நாலு மடங்கு பெரிதாக்கினார். வெட்டி. சந்தேகமே இல்லாமல், ஒற்றைக் கொம்போடு வெட்டி.

நான் தமிழ் அடித்தது ஆங்கிலச் சாவிகளில். ஷிஃப்ட்டைச் சேர்த்து அழுத்தினால் நெடிலுக்கு உரிய இரட்டைக் கொம்பு விழும், அழுத்தாவிட்டால் குறிலின் ஒற்றைக் கொம்பு. என் சுண்டுவிரல் பன்னிரண்டு இடத்தில் சோம்பேறித்தனம் செய்திருக்கிறது. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று முறை படித்தும் அது என் கண்ணில் படவில்லையே. அந்தப் பொடி எழுத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகவே தெரிந்தன. எது இருக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரியும் என்பதால் கண் அதையே படித்துவிட்டுப் போயிருக்கிறது.

"கண்ணுக்குத் தெரியாத புள்ளின்னு சொன்னீங்க" என்றேன் அவரிடம். "எழுத்தும் கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லவே இல்லையே."

அவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்துப் பார்த்தார். எழுத்து பெரிதானது, ஆனால் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி எல்லாம் மங்கிப்போனது. பிறகு எழுத்தை மட்டும் பெரிதாக்கினார். இப்போது ஒரு வரி திரைக்குள் அடங்கவில்லை. வரியின் வாலைப் படிக்கப் போனால் தலை காணாமல் போனது. இரண்டு நாள் இப்படி மல்லுக்கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காப்பி குடிக்கும்போது, "மாத்திப்போடலாம் கண்ணு" என்றார். அந்தப் பதினாலு அங்குலத்தை வாங்கிக்கொள்ள அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தது வேறு விஷயம்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற மராத்திப் பெண் சுறுசுறுப்பானவள். ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒரு கலர் மீன் படத்தைப் போட்டு, "தேகோ மேடம், கித்னா க்ளியர் ஹை" என்று காட்டினாள். மீன் துல்லியமாகத்தான் இருந்தது. மீனுக்குக் கொம்பு இல்லையே. கொண்டுபோயிருந்த பென் டிரைவைச் செருகி என் கோப்பைத் திறந்தேன். எழுத்தே வரவில்லை, வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அந்தக் காலத்துக் கணினிகளில் தமிழைத் தனியாக ஏற்ற வேண்டும். வந்த காரியம் கெட்டது என்று நான் முறைத்துக்கொண்டு நிற்க, கணவர் தோள்பையிலிருந்து அதற்கான சி.டி.யை எடுத்தார். நான் ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்து வைத்திருக்கிறார். இரண்டு நாள் அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது.

ஐந்து லேப்டாப்பில் தமிழை ஏற்றினோம். பரீட்சை நான் வைத்ததுதான். ஒருவர் திரையில் வேட்டி அல்லது வெட்டி என்று ஐந்து தரம் அடிக்க வேண்டும். மற்றவர் நாற்காலியில் முதுகு பட உட்கார்ந்து, கை நீட்டும் தூரத்தில் இருந்து எது என்று சொல்ல வேண்டும். குனிந்தால் மார்க் கிடையாது. முதலில் அவரை உட்கார வைத்தேன், அவருக்குப் பிடித்த புள்ளி நிறைந்த திரையின் முன்னால்.

"வேட்டி."

"தப்பு."

"அப்ப வெட்டி."

"ஊகிக்கக் கூடாது, படிக்கணும்."

ஐந்துக்கு இரண்டு எடுத்தார். பன்னிரண்டு அங்குலத்தில் எனக்கு ஐந்துக்கு ஒன்று. அகலமான பதினைந்தரை அங்குலத்தில் ஐந்துக்கு மூன்று, ஆனால் அது அகலமே ஒழிய உயரம் இல்லை, பத்து வரிக்கு ஒருமுறை நகர்த்த வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரோ டி.வி. வாங்க வந்த குடும்பம்கூட எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டது. விற்பனைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஒன்று நீங்கள் சொல்கிற தோதர், இன்னொன்றுக்கு வேலை இல்லாமல் சுற்றுகிற ஆள் என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்றேன்.

"அச்சா, ரிகாம்டேக்டா" என்றாள். வேலையற்றவனுக்கு மராத்தியில் அதுதான் பெயர். சொல்லிவிட்டு, பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நின்ற என் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. முதலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்த அவரும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்.

கடைசியாக மூலையில் ஒன்று இருந்தது. பதினைந்து அங்குலம், சதுரமான பழைய மாதிரித் திரை, ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்து எட்டு. "யே தோ புரானா மாடல் ஹை" என்று அவளே அதைக் காட்டக் கூச்சப்பட்டாள். அதில் இரண்டு வார்த்தையையும் மேலும் கீழுமாக அடித்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அந்தப் பெண், மேலே இருப்பதில் இரண்டு சுழி, கீழே இருப்பதில் ஒரு சுழி என்று இந்தியில் சொன்னாள். தமிழில் ஒரு எழுத்து தெரியாதவள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

மிக்ஸி கையேட்டை அந்தத் திரையில் செய்தேன். எழுத்து தடிமனாக, ஓரமெல்லாம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் கடுகு மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தது. என் சுண்டுவிரல் சோம்பேறித்தனம் செய்த இடமெல்லாம் அந்த நிமிஷமே மாட்டிக்கொண்டது. பட்டாட்டா என்று ஓர் இடத்தில் அடித்துவிட்டு, நானே சிரித்துக்கொண்டு உருளைக்கிழங்காக மாற்றினேன். அனுப்பிய பிறகு மூன்று நாள், என்ன செய்துகொண்டிருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு வந்து, பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

நாலாம் நாள் காலையில் வந்தது. 'மிக்ஸி கையேடு கிடைத்தது. முழுவதும் படித்தேன். பிழை ஏதும் இலலை.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரைக் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வரவழைத்துப் படித்துக் காட்டினேன். சந்தோஷத்தில் மறுபடி ஒருமுறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் கடைசி வார்த்தை கண்ணில் இடறியது. நடு ல-வின் தலை புள்ளி இல்லாமல் மொட்டையாக இருந்தது. நான் உடனே சென்னைக்குப் போன் போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கணவர் கையை ஆட்டினார்.

"சார், உங்க லெட்டர் கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம். ஒண்ணு கேக்கலாமா? உங்க ஸ்கிரீன் எத்தனை இன்ச்?"

"பன்னெண்டுன்னு நினைக்கிறேன். ஆபீஸ்ல புதுசா குடுத்தாங்க, நல்ல ரெசல்யூஷன். ஏன் கேக்கறீங்க?"

"லெட்டர்ல கடைசி வார்த்தையைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்களேன்."

மௌஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார்.

"மாட்டிக்கிட்டேன்" என்றார். "அடுத்து ஒரு ஃப்ரிட்ஜ் வருது, உங்களுக்கே அனுப்பறேன். இருங்க, உங்க பேரை நிரந்தர லிஸ்டுக்கு மாத்திடறேன். சொந்த ஊர் ஆரணி, சரிதானே?"

"அது அப்பா அம்மாவுக்கு, சார்" என்றேன். "எனக்குத் தேஹு ரோடு. பார்த்து அடிங்க, தேவுக்கும் ரெட்டைக் கொம்பு, ரோவுக்கும் ரெட்டைக் கொம்பு."